பஸ் வீட்டுக்கு மேல நிக்குது: வகுப்பறை ஸ்பானிஷை தமிழ் வழியா படிக்கிற விதம்

இலங்கை மலைநாட்டுல எல்லங்கிற ஊர் பக்கம் ஒரு கெஸ்ட்ஹவுஸ்ல வேலைக்கு சேர்ந்த புதுசுல ரெண்டு ஸ்பெயின்காரங்க வந்து பஸ் எங்கன்னு கேட்டாங்க. நான் அப்ப ஒரு மாசமா போன்ல ஸ்பானிஷ் படிச்சிட்டிருந்தேன், சந்தர்ப்பம் வந்துருச்சுன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு "எல் அவ்தோபூஸ் எஸ்தா என்ஸீமா தெ லா காஸா"ன்னு சொன்னேன். ரெண்டு பேரும் தலையை தூக்கி எங்க தகர கூரையை பார்த்தாங்க. ஏன்னா நான் சொன்னது "பஸ் வீட்டு கூரை மேல நிக்குது"ன்னு. நான் சொல்ல நினைச்சது வீட்டுக்கு மேல இருக்குற ரோட்டுல நிக்குதுன்னு, நம்ம பக்கம் அப்படித்தானே பேசுவோம், மேல லயம், கீழ லயம் (லயம்னா தோட்டத்து வரிசை வீடு), ரோட்டுக்கு மேல ஸ்கூல், ஆத்துக்கு மேல கோயில்னு.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து யோசிச்சதுலதான் ஒரு விஷயம் புரிஞ்சுது. நான் தமிழ்ல நினைச்சு, அதை இங்கிலீஷ்ல மாத்தி, அங்கருந்து ஸ்பானிஷுக்கு போயிட்டிருந்தேன். ஹட்டன்ல இருந்து பதுளைக்கு போறதுக்கு கொழும்பு சுத்தி போற மாதிரி. நேரா தமிழ்ல இருந்தே போனா, எது எங்க இருக்குன்னு சொல்ற விஷயத்துல ஸ்பானிஷ் நமக்கு ரொம்ப லேசு. இப்ப ஞாயித்துக்கிழமைல எங்க தோட்டத்து புள்ளைங்க நாலு பேருக்கு இதைத்தான் சொல்லிக்குடுக்குறேன். வகுப்பறையில ஆரம்பிக்கிறேன், எந்த புத்தகத்தை எடுத்தாலும் ஏ1, அதாவது ஆரம்ப லெவல்ல முதல்ல வர்றதுல ஒண்ணு அதுதான், அதோட ஒரு வகுப்புக்குள்ள உள்ள சாமான் எல்லாம் கண்ணு முன்னாடியே இருக்கும், கற்பனை பண்ண வேண்டியதில்ல.

முதல்ல சத்தம்

இங்க எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதுறேன், எழுத்துக்கூட்டலை நீங்க அகராதியில பார்த்து கொப்பியில எழுதிக்கணும். ஸ்பானிஷ்ல உயிரெழுத்து சத்தம் அஞ்சுதான், நம்ம அ எ இ ஒ உ. அதனால வாயில வர்றதுக்கு கஷ்டமே இல்ல. த சத்தம் நம்ம த தான், இங்கிலீஷ் ட கிடையாது, இங்கிலீஷ் மட்டும் பேசுறவங்க இதுல தடுமாறுவாங்க, நமக்கு சும்மா வரும். "காது"ன்னு சொல்லும்போது நடுவுல ஒரு மெதுவான த வருதே, அதேதான் "லாதோ"ல வரும். "ந்த"ன்னு நான் எழுதினா பந்துல வர்ற சத்தம், "ன்த்த"ன்னு எழுதினா அடிச்சு சொல்லணும். ஸ்பானிஷ்ல வி, பி ரெண்டு எழுத்துக்கும் ஒரே சத்தம், பெஞ்சுல வர்ற ப. அதனால ஜன்னல் "பென்த்தானா", வெ போட்டு சொல்லாதீங்க.

ஹ எழுத்து எழுதுவாங்க ஆனா சொல்ல மாட்டாங்க. ஜே எழுத்துக்கும், எ இ சத்தத்துக்கு முன்னால வர்ற ஜி எழுத்துக்கும் தொண்டையில இருந்து காறின மாதிரி ஒரு ஹ வரும். நம்ம ஞ அவங்ககிட்டயும் இருக்கு, சின்னப்பொண்ணுக்கு "நீஞா"ம்பாங்க. ர ரெண்டு விதம், சும்மா ர ஒண்ணு, நாக்கு உருளுற ர்ர ஒண்ணு. கரும்பலகை "பிஸார்ரா", அதுல உருட்டியே ஆகணும். அதோட இந்த ஸ சத்தத்தை ஸ்பெயின்ல நிறைய இடத்துல நாக்கை பல்லுக்கு நடுவுல வச்சு சொல்லுவாங்க, லத்தீன் அமெரிக்கா பக்கம் வெறும் ஸ. நீங்க வெறும் ஸ சொன்னாலும் எல்லாருக்கும் விளங்கும்.

உங்க வாயில ஏற்கனவே இருக்குற சொல்லு

இதை சொன்னா புள்ளைங்க நம்ப மாட்டேங்குதுங்க. மேசைக்கு ஸ்பானிஷ்ல "மேஸா". அவ்வளவுதான். பாண் அவங்களுக்கும் "பான்". சப்பாத்து "ஸப்பாத்தோ". துவாய் "தோவாயா". அலுமாரி "அர்மாரியோ". குசினி "கொஸீனா". நாம உக்கார்ற வாங்கு "பாங்க்கோ", அதே சொல்லுதான் காசு போடுற பேங்குக்கும். காரணம் ரொம்ப சிம்பிள், போர்த்துக்கீசர் 1505ல இந்த நாட்டுக்கு வந்து 1658 வரைக்கும் கரையோரத்துல இருந்தாங்க, விட்டுட்டு போன சாமான் பேரெல்லாம் தமிழ்லயும் சிங்களத்துலயும் ஒட்டிக்கிச்சு, போர்த்துக்கீசும் ஸ்பானிஷும் அக்கா தங்கச்சி பாஷை. நடுவுல 1580ல இருந்து 1640 வரைக்கும் ரெண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா வேற. மலைநாட்டை அவங்களால புடிக்க முடியல, ஆனா மேசை மலையேறி வந்துருச்சு.

ஆனா எல்லாத்தையும் நம்பிறாதீங்க, ரெண்டு இடத்துல கால் வாரும். கதிரையும் போர்த்துக்கீசுல இருந்து வந்ததுதான், ஆனா ஸ்பானிஷ்ல அந்த மாதிரி சத்தம் வர்ற "கதேரா"ன்னா இடுப்பு. உக்கார கதிரை குடுங்கன்னு கேட்க போய் இடுப்பை கேட்டுறாதீங்க, கதிரைக்கு அங்க "சீயா". இன்னொண்ணு பேனா. ஸ்பானிஷ்ல "பேனா"ன்னா துக்கம், மனவருத்தம். ஃபார்ம் நிரப்பறப்போ ஒருத்தர்கிட்ட பேனா வேணுமான்னு கேட்டா, மனுசன் துக்கம் வேணுமான்னு கேக்குறானேன்னு முழிப்பார். பேனைக்கு "பொலீகிராஃபோ", ஸ்பெயின்ல சுருக்கமா "போலி". ஆமா போலிதான், நல்ல பேனையா இருந்தாலும் போலிதான்.

சாமான் பேரு, ஆனா ஒத்தையா படிக்காதீங்க

ஸ்பானிஷ்ல ஒவ்வொரு சாமானும் ஆம்பளையா பொம்பளையான்னு இருக்கு. தமிழ்ல மேசை "அது", கதவு "அது", சோலி முடிஞ்சுது. அங்க ஆம்பளைக்கு முன்னாடி "எல்", பொம்பளைக்கு முன்னாடி "லா". பேரை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு அப்புறம் எல் லா சேர்த்துக்கலாம்னு நினைச்சா அது நடக்காது, நான் அப்படி செஞ்சு மூணு மாசம் வீணாச்சு, எல்லாத்தையும் திருப்பி படிக்க வேண்டியதா போச்சு. முதல் நாள்ல இருந்தே எல் லா ஒட்டியே வாயில வரணும், அது சொல்லோட முதல் எழுத்து மாதிரி.

கொப்பியை நடுவுல கோடு போட்டு பிரிச்சு லா எல்லாம் ஒரு பக்கம், எல் எல்லாம் ஒரு பக்கம் எழுதுங்க. லா பக்கத்துல லா மேஸா, லா சீயா, லா புவெர்த்தா கதவு, லா பென்த்தானா ஜன்னல், லா பிஸார்ரா, லா தீஸா வெண்கட்டி, லா மொச்சீலா ஸ்கூல் பேக், லா ரெக்லா அடிமட்டம், லா கோமா அழிரப்பர், லா பப்பெலேரா குப்பைக்கூடை, லா பரேத் சுவர், லா லூஸ் லைட். எல் பக்கத்துல எல் லீப்ரோ புத்தகம், எல் குவாதெர்னோ கொப்பி, எல் லாப்பிஸ் பென்சில், எல் பொலீகிராஃபோ, எல் புப்பீத்ரே புள்ளைங்க எழுதுற டெஸ்க், எல் அர்மாரியோ, எல் ரெலோஹ் மணிக்கூடு, எல் மாப்பா மேப். வகுப்பறைக்கே "லா கிளாஸே"ன்னு சொன்னா போதும்.

ஆ சத்தத்துல முடிஞ்சா பெரும்பாலும் லா, ஓ சத்தத்துல முடிஞ்சா பெரும்பாலும் எல். இந்த பட்டியல்ல மாப்பா மட்டும் ஆ சத்தத்துல முடிஞ்சும் எல், அது ஒரு அடங்காத புள்ளை. மத்த சத்தத்துல முடியறதுக்கு கணக்கு பார்க்காதீங்க, கேட்டு கேட்டு பழகுறதுதான்.

தாளுக்கு "ஓஹா"ன்னு பேரு, லா ஓஹா. இலைக்கும் அதே சொல்லுதான். எங்கம்மா பறிக்கிறதும் ஓஹா, தங்கச்சி எழுதுறதும் ஓஹா. இதை மட்டும் எங்க புள்ளைங்களுக்கு ரெண்டாவது தடவை சொல்ல வேண்டி வரல. தேயிலையில உள்ள "தே"யும் அவங்களுக்கு "தே" தான்.

நிறைய இருந்தா கடைசியில ஸ் போடுங்க, எல் போய் லோஸ் ஆகும், லா போய் லாஸ் ஆகும், லோஸ் லீப்ரோஸ், லாஸ் மேஸாஸ். மெய்யெழுத்துல முடிஞ்சா எஸ், பரேதெஸ், ரெலோஹெஸ். இதுக்கு மேல இதுல பேச ஒண்ணுமில்ல.

கண்ணாடி வைத்தியம்

இதுதான் முக்கியமான இடம், மெதுவா படிங்க. "புத்தகம் மேசைக்கு மேல இருக்கு." இந்த வாக்கியத்தை உடைச்சு பாருங்க: புத்தகம், மேசை, க்கு, மேல, இருக்கு. இப்ப புத்தகத்தை மட்டும் முன்னாடி அப்படியே விட்டுட்டு மிச்சத்தை பின்னாலருந்து படிங்க: புத்தகம், இருக்கு, மேல, க்கு, மேசை. இப்ப ஸ்பானிஷ்: எல் லீப்ரோ, எஸ்தா, என்ஸீமா, தெ, லா மேஸா. ஒண்ணுக்கு ஒண்ணு அப்படியே உக்காரும். எஸ்தா தான் இருக்கு, என்ஸீமா தான் மேல, தெ தான் அந்த க்கு. கண்ணாடியில பார்க்குற மாதிரி திரும்பி நிக்குது, அவ்வளவுதான் வித்தியாசம். தொங்கல்ல ஒரு லா மட்டும் கூடுதலா ஒட்டிக்கும்.

இதை புடிச்சிட்டீங்கன்னா மிச்சம் எல்லாம் சொல்லை மாத்தி போடுறதுதான். மேசைக்கு கீழ, தெபாஹோ தெ லா மேஸா. மேசைக்கு முன்னால, தெலான்த்தே தெ லா மேஸா. பின்னால, தெத்ராஸ் தெ. பக்கத்துல, அல் லாதோ தெ. கிட்ட, ஸெர்க்கா தெ. தூரம், லேஹோஸ் தெ. பேக்குக்குள்ள, தென்த்ரோ தெ லா மொச்சீலா. எதிர்ல, என்ஃப்ரென்த்தே தெ. தமிழ்ல முன்னாலயும் எதிர்லயும் வேற வேறன்னு நமக்கு தெரியும்ல, அங்கயும் வேற வேறதான்.

க்கு இல்லாம தமிழ்ல வெறும் "ல" போட்டு சொல்லுவோம், வகுப்புல, சுவத்துல, மேசையில. அந்த ல தான் "என்". அதுவும் முன்னாடி வந்து நிக்கும்: என் லா கிளாஸே, என் லா பரேத், என் லா மேஸா. இதுக்கு தெ வேண்டாம். ரெண்டுக்கும் நடுவுலங்கிற "என்த்ரே"க்கும் தெ வேண்டாம், என்த்ரே லா புவெர்த்தா இ லா பென்த்தானா, கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல, அந்த இ தான் உம். "ஸோப்ரே"ன்னு ஒண்ணு இருக்கு, மேலன்னு அர்த்தம், அதுக்கும் தெ வேண்டாம். என், என்த்ரே, ஸோப்ரே, இந்த மூணுக்கும் தெ இல்லன்னு கொப்பியில பெரிசா எழுதி வச்சிருங்க.

"டீச்சரோட மேசை"யையும் இதே கண்ணாடியில காட்டுங்க. மேசை, ஓட, டீச்சர். லா மேஸா தெ லா ப்ரொஃபெஸோரா. ஓடவுக்கும் தெ, க்குவுக்கும் தெ, பாவம் அந்த தெ எல்லா வேலையும் செய்யுது.

தெவுக்கு பின்னால எல் வந்தா ரெண்டும் ஒட்டிக்கும், தெல். அலுமாரிக்கு மேல, என்ஸீமா தெல் அர்மாரியோ. தெ எல்னு பிரிச்சு சொன்னா விளங்கும், ஆனா காதுல குத்தும். லா வந்தா ஒட்டாது.

இருக்கு ரெண்டு, அதோட ஒரு காணாம போன சொல்லு

தமிழ்ல இருக்குன்னு ஒண்ணு போதும். ஸ்பானிஷ்ல "எஸ்தா" ஒண்ணு, "ஐ" ஒண்ணு. ஐன்னா நம்ம எழுத்து ஐ மாதிரியே சொல்லணும். எப்ப எது? இதுக்கும் பதில் தமிழ்லயே இருக்கு. "மேசையில ஒரு புத்தகம் இருக்கு"ன்னு சொல்லும்போது எந்த புத்தகம்னு கேக்குறவருக்கு தெரியாது, அப்பதான் முதல் தடவையா சொல்றோம், இடத்தை முன்னாடி சொல்லிட்டு ஒருன்னு போடுறோம். அது ஐ. என் லா மேஸா ஐ உன் லீப்ரோ. "புத்தகம் மேசையில இருக்கு"ன்னா அந்த புத்தகத்தை ரெண்டு பேருக்கும் தெரியும், எங்கன்னுதான் கேள்வி. அது எஸ்தா. ஒரு வந்தா ஐ, எண்ணிக்கை வந்தாலும் ஐ, ஐ தோஸ் பென்த்தானாஸ், ரெண்டு ஜன்னல் இருக்கு. ஐக்கு பின்னால எல் லா வராது, இது ரொம்ப பேர் செய்யிற பிழை. ஐ ஒண்ணுக்கும் ஐ, நூறுக்கும் ஐ, எஸ்தா மட்டும் நிறைய இருந்தா எஸ்தான் ஆகும்.

இல்லைங்கிறதும் அப்படித்தான். "வெண்கட்டி இல்ல", வகுப்புலயே இல்ல, இன்னும் தரல, "நோ ஐ தீஸா". "டீச்சர் இல்ல", டீச்சர் இருக்காங்க ஆனா இப்ப இங்க இல்ல, "லா ப்ரொஃபெஸோரா நோ எஸ்தா". ரெண்டுமே நம்ம ஸ்கூல்ல அடிக்கடி தேவைப்படுற வாக்கியம், அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

இப்ப காணாம போன சொல்லு. "இது மேசை"ன்னு சொல்லும்போது தமிழ்ல வினைச்சொல்லே இல்ல, "அவங்க டீச்சர்", அங்கயும் இல்ல. அந்த வெத்து இடத்துல ஸ்பானிஷ்காரன் "எஸ்" போடுவான். எஸ் உனா மேஸா. எஸ் ப்ரொஃபெஸோரா. எஸ், எஸ்தா ரெண்டுக்கும் நடுவுல உலகமே குழம்புது, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்லுங்கிறதால. நமக்கு ஒரு சின்ன சோதனை போதும்: தமிழ்ல இருக்குன்னு வந்தா எஸ்தா, ஒண்ணுமே வரலன்னா எஸ். கரும்பலகை பெரிசு, லா பிஸார்ரா எஸ் கிராந்தே. கதவு திறந்திருக்கு, லா புவெர்த்தா எஸ்தா அபியேர்த்தா. நூத்துக்கு நூறு சரி வராது, "பெரிசா இருக்கு"ன்னும் நாம சொல்லுவோம்ல, அப்பவும் எஸ் தான் போடணும், ஆனா ஆரம்பத்துக்கு இது நல்ல கைத்தடி.

மேல கீழ, நம்ம ஊர் தகராறு

திரும்ப பஸ்ஸுக்கு வர்றேன். நம்ம "மேல"ங்கிறது ஸ்பானிஷ்ல ரெண்டா பிரியுது. ஒரு சாமானுக்கு நேர் மேல, அதுமேல உக்கார்ந்த மாதிரி இருந்தா என்ஸீமா. மலையில மேட்டுப்பக்கம்னா "அர்ரீபா". கீழயும் அப்படித்தான், மேசைக்கு அடியில தெபாஹோ, பள்ளத்துப்பக்கம் "அபாஹோ". மேல லயத்துல இருக்கான்னா எஸ்தா அர்ரீபா. கீழ லயத்துல இருக்கான்னா எஸ்தா அபாஹோ. நான் அன்னைக்கு சொல்லியிருக்க வேண்டியது "எஸ்தா அர்ரீபா, என் லா கர்ரெத்தேரா", மேல இருக்கு, ரோட்டுல. தட்டையான ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு இந்த சிக்கல் அவ்வளவா வராது, நமக்கு தினமும் வரும், அதனாலதான் இதை இவ்வளவு நேரம் சொல்றேன்.

வலது இடதும் கவனம். அ லா தெரேச்சா, சோத்தாங்கை பக்கம். அ லா இஸ்கியேர்தா, பீச்சாங்கை பக்கம். ஜன்னலுக்கு வலப்பக்கம்னா பின்னால தெ வரும், அ லா தெரேச்சா தெ லா பென்த்தானா. இதுல ஒரு கண்ணி இருக்கு, "தெரேச்சா"ன்னா வலது, "தெரேச்சோ"ன்னா நேரா. ஒரு ஆவையும் ஓவையும் மாத்தி சொன்னீங்கன்னா ஒன்பது வளைவு பாலத்துக்கு போகவேண்டிய ஆளு யாரோ தோட்டத்து மலைக்குள்ள அட்டை கடி வாங்கிட்டு நிப்பாரு. நான் பயந்துக்கிட்டு நேராவுக்கு "ரெக்த்தோ"ன்னே சொல்லிருவேன், ஸ்பெயின்காரங்க அதையும் நல்லா சொல்லுவாங்க.

இது, உது, அது

இங்கிலீஷ்ல இந்த அந்தன்னு ரெண்டுதான். ஸ்பானிஷ்ல மூணு: எஸ்தே லீப்ரோ, எஸே லீப்ரோ, அக்கெல் லீப்ரோ. ஒண்ணு என்கிட்ட இருக்குறது, ஒண்ணு உங்ககிட்ட இருக்குறது, ஒண்ணு ரெண்டு பேருக்கும் தூரத்துல. யாழ்ப்பாணத்து கூட்டாளி இருந்தா அவர் பேச்சை கேளுங்க, இந்த, உந்த, அந்தன்னு மூணும் அவர் வாயில இன்னும் இருக்கு, உந்த புத்தகம்தான் எஸே லீப்ரோ. நம்ம பக்கம் உந்த இல்லாட்டியும் சிங்களம் தெரியும்ல, மேக்க, ஓக்க, அரக்க, நடுவுல உள்ள ஓக்க தான் எஸே. இடத்துக்கும் மூணு, அக்கீ, அஈ, அயீ, இங்க, உங்க, அங்க. லா சேர்ற சாமானுக்கு எஸ்தா, எஸா, அக்கேயா. அய்யோ எஸ்தா மறுபடியும் வந்துருச்சேன்னு பயப்படாதீங்க, "இந்த" வர்ற எஸ்தாவுல எஸ்-ஸை அழுத்தி சொல்லணும், "இருக்கு" வர்ற எஸ்தாவுல தா-வை அழுத்தணும். எஸ்தா மேஸா எஸ்தா அக்கீ, இந்த மேசை இங்க இருக்கு. பத்து தடவை சத்தமா சொன்னா சரியாயிரும், பக்கத்து வீட்டு ஆளுங்க பார்க்குறதை கண்டுக்காதீங்க.

பழகுற விதம்

முதல் வாரம் அஞ்சே அஞ்சு சாமான், ஒரே ஒரு நெருப்புப்பெட்டி. நெருப்புப்பெட்டியை மேசை மேல, கீழ, பேக்குக்குள்ள, ரெண்டு கொப்பிக்கு நடுவுலன்னு மாத்தி மாத்தி வச்சு "தோந்தே எஸ்தா"ன்னு கேளுங்க, எங்க இருக்குன்னு அர்த்தம். நெருப்புப்பெட்டி லா கஹா, பெட்டிதான். பதில் முழு வாக்கியமா வரணும், லா கஹா எஸ்தா தெபாஹோ தெல் லீப்ரோன்னு. ஒத்தை சொல்லுல பதில் சொன்னா ஏத்துக்காதீங்க.

ரெண்டாவது வாரம் "கே ஐ என்", என்ன இருக்குன்னு கேள்வி. கே ஐ என் லா மொச்சீலா? பேக்கை திறந்து ஒண்ணொண்ணா வெளிய எடுக்கணும், ஐ உன் லீப்ரோ, ஐ தோஸ் குவாதெர்னோஸ், ஐ உனா ரெக்லா. எல்லுக்கு பதிலா உன், லாவுக்கு பதிலா உனா, தனியா படிக்க வேண்டியதில்ல, இதுலயே வந்துரும். ஒருத்தன் பேக்குல இருந்து பாதி ரொட்டி வந்துச்சு, அதுக்கு பேரு தெரியாம ஐ உன் ரொட்டின்னு சொன்னான், நான் சரின்னு விட்டுட்டேன்.

ஆள் இல்லாம தனியா படிக்கிறீங்கன்னா ரயில்ல போகும்போது பெட்டிக்குள்ள பாருங்க, ஜன்னல், கதவு, சீட்டு, பேக்கு எல்லாம் இருக்கு, நானுஓயாவுல இருந்து ஹப்புத்தளை வர்றதுக்குள்ள நாப்பது வாக்கியம் மனசுக்குள்ள சொல்லிறலாம், ரயிலும் அவசரப்படாது.

மூணாவது வாரம் உங்க வகுப்பை முழுசா எழுதுங்க. எங்க புள்ளைங்க சேர்ந்து எழுதினதுல கொஞ்சம் திருத்தி கீழ தர்றேன், முதல்ல தமிழ் பார்க்காம படிச்சு படம் மனசுல வருதான்னு பாருங்க.

என் மி கிளாஸே ஐ பெய்ன்த்தே புப்பீத்ரெஸ். லா பிஸார்ரா எஸ்தா என் லா பரேத். லா மேஸா தெ லா ப்ரொஃபெஸோரா எஸ்தா தெலான்த்தே தெ லா பிஸார்ரா. அ லா இஸ்கியேர்தா ஐ தோஸ் பென்த்தானாஸ், இ லா புவெர்த்தா எஸ்தா அ லா தெரேச்சா. என்ஸீமா தெல் அர்மாரியோ ஐ உன் மாப்பா பியேஹோ. லா பப்பெலேரா எஸ்தா தெத்ராஸ் தெ லா புவெர்த்தா. தெபாஹோ தெல் பாங்க்கோ ஐ உனா மொச்சீலா ரோஹா. நோ ஐ ரெலோஹ்.

தமிழ்ல: என் வகுப்புல இருபது டெஸ்க் இருக்கு. கரும்பலகை சுவத்துல இருக்கு. டீச்சரோட மேசை கரும்பலகைக்கு முன்னால இருக்கு. இடது பக்கம் ரெண்டு ஜன்னல் இருக்கு, கதவு வலது பக்கம் இருக்கு. அலுமாரிக்கு மேல ஒரு பழைய மேப் இருக்கு. குப்பைக்கூடை கதவுக்கு பின்னால இருக்கு. வாங்குக்கு கீழ ஒரு சிவப்பு பேக் இருக்கு. மணிக்கூடு இல்ல.

மாப்பா பியேஹோ, மொச்சீலா ரோஹா, பார்த்தீங்களா, நிறமும் குணமும் பெரும்பாலும் சாமானுக்கு பின்னால வருது, அதோட எல் சாமானுக்கு ஓ, லா சாமானுக்கு ஆன்னு அதுவும் பெரும்பாலும் உடுப்பு மாத்திக்குது. சிவப்பு கொப்பின்னா குவாதெர்னோ ரோஹோ. மாப்பா ஆவுல முடிஞ்சாலும் பியேஹோ தான், பியேஹா இல்ல, ஏன்னா அவன் எல்.

நாலாவது வாரத்துக்கு ஒரு விளையாட்டு, இதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது. ஒருத்தர் எழுதி வச்சதை வாசிக்கணும், மத்தவங்க அதை பார்க்காம கேட்டு படம் வரையணும். வாசிக்கிறவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் ரெண்டு தடவை மட்டும் சொல்லணும், கையால காட்டக்கூடாது. கடைசியில படத்தையும் எழுத்தையும் வச்சு பார்த்தா எந்த சொல்லு இன்னும் உள்ள போகலன்னு தெரிஞ்சிரும், தெலான்த்தேயும் தெத்ராஸும் மாறுறதுதான் அதிகம்.

போன ஞாயித்துக்கிழமை நான் வாசிச்சேன், அக்கா மகன் வரைஞ்சான். பார்த்தா டீச்சர் மேசைக்கு அடியில முட்டி போட்டு உக்கார்ந்திருக்காங்க, கொண்டை மட்டும் வெளிய தெரியுது. டேய், தெலான்த்தேன்னா முன்னாலடா, எத்தனை தடவை சொல்றதுன்னு சத்தம் போட்டேன். பக்கத்துல இருந்த புள்ளை மெதுவா சொல்லுது, அண்ணே நீங்க தெபாஹோன்னுதான் வாசிச்சீங்க, ரெண்டு தடவையும்.